எண்ணெய்க் காப்பு போட்ட சந்திரகாந்தம்

காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் இருபத்தாறு வருடமாக எக்ஸ்பெல்லர் ஓட்டுகிறவர் ஆறுச்சாமி. தேங்காய்ப் பருப்பை உள்ளே தள்ளி எண்ணெய் எடுக்கும் வேலை. ஐம்பது வயது வரைக்கும் அந்த மனிதருக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்றும் கிடையாது. சீட்டுக்கட்டைத் தொடமாட்டார், டீக்கடையில் அரசியல் பேசமாட்டார். அப்படிப்பட்டவருக்குக் கல் பைத்தியம் பிடித்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் மழை பெய்து ஓய்ந்தால் உழுத காட்டில் கல் மினுங்கும். பொறுக்கி விற்கிறவர்கள் உண்டு. நாலு வருடம் முன்பு, காணாமல்போன ஆட்டைத் தேடிப்போன ஆறுச்சாமி, வெளிர் நீலத்தில் ஒரு துண்டைக் கண்டெடுத்தார். கல் தீட்டும் பட்டறையில் காட்டினார். "நல்ல கல்லுதானுங்க, ஆனா வெலைக்கு ஆவாது" என்றார்கள். வேறு யாராவது என்றால் அங்கேயே வீசிவிட்டு வந்திருப்பார்கள். இவருக்கோ அதுதான் பிடித்துப்போயிற்று. விலை இல்லாததை யார் பிடுங்கப்போகிறார்கள்? ஆசைதீர வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சூரியனுக்கு எதிர்முகமாக நடப்பார். அப்போதுதான் மினுக்கம் கண்ணில் படும். காட்டுக்காரரிடம் கேட்காமல் வரப்பில் கால் வைக்கமாட்டார். கிடைத்ததைப் பழைய பல்பிரஷ்ஷால் கழுவி, முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்து, எந்த ஊர், என்ன தேதி என்று சீட்டு எழுதுவார்.

"இப்பெல்லாம் முட்டை வாங்கறதே அட்டைக்குத்தானுங்களா?" என்று கேட்பார் மனைவி மாசாணியம்மாள்.

கோயம்புத்தூரில் இப்படிக் கல் சேகரிக்கிறவர்கள் மாதம் ஒருமுறை ஒரு பூங்காவில் கூடுகிறார்கள். அங்கே காசு பேச்சு கிடையாது, கல்லுக்குக் கல் மாற்றிக்கொள்ளலாம். பம்ப்செட் கடைக்காரர் கோவிந்தராஜுலுவிடம் இருந்த செவ்வந்திக்கல் கொத்தைப் பார்த்த நாளிலிருந்து ஆறுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளங்கை அகலம், கத்தரிப்பூ நிறம், கூர்கூராக நிற்கும். அதற்கு ஈடாகக் கொடுக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு கல், பட்டறையில் மெருகேற்றி வாங்கிய சந்திரகாந்தம். அசைத்தால் உள்ளே நீல ஒளி ஓடும். ஓரத்தில் சில விரிசல்கள் மட்டும் உண்டு.

கொடுப்பதற்கு முன்னால் அதைப் பத்து நாள் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. கதவுக் கீலுக்கும் மாட்டுக் கொம்புக்கும் குழந்தை தலைக்கும் எண்ணெய் வைக்கிற ஊர் இது. சாமி சிலைக்கே எண்ணெய்க் காப்புதான். கல்லுக்கு வைத்தால் என்ன தப்பு? விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. மாற்றம் நடந்தது, செவ்வந்திக்கல் காங்கேயம் வந்து சேர்ந்தது. தினமும் மில்லுக்குப் போகும்முன் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பார்.

மூன்று வாரம் கழித்துக் குழுவின் வாட்ஸப்பில் கோவிந்தராஜுலு ஒரு படம் போட்டார். அவருடைய ஏசி அறையில் இருந்த சந்திரகாந்தத்துக்குள் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது. வாங்கியபோது இல்லை, கல்லுக்குள் என்னவோ வளர்கிறது என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். அபூர்வம் என்றார் ஒருவர். பெரிய நிபுணரிடம் காட்டவேண்டும் என்றார் இன்னொருவர்.

மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைவதைப் பார்க்காத காங்கேயத்துக்காரன் உண்டா? ஆறுச்சாமிக்குப் படத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். சொன்னால் செவ்வந்திக்கல் போகும், ஏமாற்றுக்காரன் என்று பெயர் வரும், அந்தக் கூட்டத்துக்குள் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

"பேசாம இருந்துபோட்டா என்ன?" என்று மனைவியிடம் கேட்டார்.

"இருங்க, ஆரு வேண்டாங்கறாங்க? ஆனா ஒரு வாரமா அந்தக் கல்லை நீங்க கையிலயே எடுக்கலீங்களே" என்றார் மாசாணியம்மாள்.

ஏசி அறையைவிட்டு வெளியே வந்தால் நரம்பு மங்குகிறது என்று, அடுத்த கூட்டத்துக்குக் கோவிந்தராஜுலு சந்திரகாந்தத்தைப் புது டப்பாவில், ஐஸ் பொட்டலத்தின் மேல் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆறுச்சாமி செவ்வந்திக்கல்லை அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஏனுங்க, உங்க கல்லைக் கொஞ்சம் வெயில்ல வெய்யுங்க."

கால் மணி நேரத்தில் வெள்ளை நரம்பெல்லாம் கரைந்துபோனது.

"அது தேங்கா எண்ணெய்ங்க. அழகா இருக்கட்டும்னு நாந்தான் ஊறப்போட்டேன். அது தெரியாமச் செஞ்சதுங்க. ஆனா நீங்க படம் போட்ட பொறவும் ஒரு வாரம் வாயத் தொறக்காம இருந்தனே, அது தெரிஞ்சே செஞ்சதுங்க."

கோவிந்தராஜுலு கல்லை முகர்ந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "ஊரெல்லாம் சொல்லிப்போட்டனுங்களே!" என்றார். சந்திரகாந்தத்தைத் திருப்பிக் கொடுத்தார், செவ்வந்திக்கல்லை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆறுச்சாமி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கிளம்பினார்.

பூங்கா வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கோவிந்தராஜுலுவின் குரல் கேட்டது. "ஏனுங்க, நில்லுங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். பெரிய விலை கொடுத்து வெளியூரில் வாங்கிய மரகதம். கூட்டத்துக்குக் கொண்டுவருவாரே தவிர, அதை ஒருவரையும் தொடவிட்டதில்லை.

"மரகதத்துல விரிசல் தெரியாம இருக்க எண்ணெய் ஏத்தி விப்பாங்களாமுங்க. இதுல எண்ணெய் இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. வித்தவன் இல்லைன்னுதான் சொன்னான். நீங்க சொன்னா நம்பறனுங்க. எத்தன நாள் வேணும்னாலும் வெச்சிருங்க."

ஆறுச்சாமி பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சட்டைப் பையின்மேல் வைத்த கையைக் காங்கேயம் வரும்வரை அவர் எடுக்கவே இல்லை.