வெட்டத் தராத பவளம்

ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கடல் தண்ணீர். அடியில் கட்டைவிரல் அளவு கல், கல்லின் நுனியில் பச்சையாக ஒரு சதைக்கொத்து. அதை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆட்டாமக் கொண்டு போங்க, படாளம் போய்ச் சேர்ற வரைக்கும் மடியிலயே வெச்சிக்கங்க" என்றார் பல் டாக்டர். செங்கல்பட்டில் அவருடைய கிளினிக்கின் பின்னறை அது. முன்னறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் காத்திருக்க, பல் ராவுகிற மெஷினில் வேறொரு தகட்டை மாட்டி, தன் தொட்டியில் இருந்த தாய்ப் பவளத்திலிருந்து எனக்காக ஒரு கிளையை அறுத்து எடுத்திருந்தார். சுத்தியல் பவளம் என்று அதற்குப் பெயர். உள்ளே வெள்ளைக் கல், வெளியே உயிருள்ள சதை. விளக்குப் போட்டால் விரியும், அணைத்தால் சுருங்கும். "வர்றவங்க எல்லாம் என் முன்னாடி வாயத் திறக்கவே பயப்படுறாங்க. காலையில தானா வாயத் திறக்கிறது இது ஒண்ணுதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

எங்கள் கிளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை, வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து அதில் கடலை வளர்க்கும் கிறுக்குப் பிடித்தவர்களின் கூட்டம். லாரி ஆபீசில் வேலை பார்க்கும் நானும் அதில் ஒருவன். என் அம்மா தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம், "மீனு வாங்கினு வந்து இத்தினி நாளாவுது, கொழம்பு எப்பதான்டா வெக்கிறது?" என்பாள். மழை இல்லாத நாட்களில் சதுரங்கப்பட்டினத்துக்குப் போய், படகில் கேன்களை ஏற்றிவிட்டு உள்கடல் தண்ணீர் கொண்டு வருவோம். மழை பெய்தால் பாலாற்றுத் தண்ணீர் கலந்துவிடும், ஆகாது. "இன்னா சார், இப்பிடியே மொண்டுகினு போனா எங்களுக்குக் கடலு மிச்சம் கீதா?" என்று படகுக்காரர் கிண்டல் செய்வார். ஆனால் தண்ணீரைத் தவிர வேறு எதையும் கடலிலிருந்து எடுக்க மாட்டோம். பவளம் என்றால் ஒருவர் தொட்டியில் வளர்ந்ததை அறுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதுதான். கூடவே ஒரு வழக்கமும் உண்டு. கொடுத்தவருடைய தொட்டி செத்துப்போனால், வாங்கியவர் ஒரு கிளையை அறுத்துத் திருப்பித் தர வேண்டும். யாரும் இதை எழுதி வைக்கவில்லை. டப்பா கை மாறும்போது வாயால் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். கண்ணாடிக்குள் கடலை வைத்திருப்பவனுக்கு இதைவிட வேறு பாதுகாப்பு கிடையாது.

அந்த வழக்கத்தைக் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துச் சொல்பவர் எங்கள் தலைவர். கேளம்பாக்கத்தில் பெரிய அடுக்குமாடியில் குடியிருப்பவர், வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாதவர், எதைப் பேசினாலும் "நாம ஒரு குடும்பம்" என்று ஆரம்பிப்பவர். பல் டாக்டரிடமிருந்து முதலில் கிளை வாங்கியவரும் அவர்தான். அவர் தொட்டியில் அது முழுப் பூசணிக்காய் அளவுக்கு உருண்டு திரண்டு வளர்ந்திருந்தது. நன்றாக வளர்த்தார், அதில் பொய்யில்லை.

பிறகு ஒரு புயல் வந்தது. செங்கல்பட்டிலும் என் ஊரான படாளத்திலும் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று ஏறாது, தொட்டிக்குள் இருப்பது எல்லாம் மூச்சு முட்டிச் சாகும். நான் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்தேன், பிழைக்கவில்லை. டாக்டர் இரண்டு பேட்டரி மோட்டார்களை மாற்றி மாற்றி ஓட்டினார். பேட்டரியும் தீர்ந்து அவர் தொட்டியும் செத்தது. மற்றவர்கள் வைத்திருந்த கிளைகளும் ஒவ்வொன்றாகப் போயின. தலைவரின் அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இருந்தது. அந்தப் பச்சைப் பவளம் எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்தது அவர் தொட்டியில் மட்டும்தான்.

டாக்டர் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, அது பக்குவப்படும் வரை பொறுமையாக இருந்து, அடுத்த கூட்டத்தில் கேட்டார். "ஒரே ஒரு கிளை போதும் சார்." தலைவர் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தார். "உங்களுக்கு இல்லாததா டாக்டர்? நம்ம கிளப் பவளப் போட்டி வருது பாருங்க. இப்ப ஒரு கிளை எடுத்தாலும் உருண்டை கெட்டுடும். போட்டி முடியட்டும், ரெண்டாவே தர்றேன்." நான் எழுந்துவிட்டேன். "இன்னா சார் இது? அவங்க வெட்டிக் குடுத்ததுதான உங்க கையில கீது? அவங்களுக்கே தவணை சொல்றீங்களா?" என்று கத்தினேன். குடும்பம் குடும்பம் என்று தலையாட்டிய அத்தனை பேரும் தட்டிலிருந்த சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், "வுடு மச்சான், கொஞ்ச நாள்தான" என்றார். உயிருள்ள ஒன்று எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சாகும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் அப்படிச் சொன்னார். டாக்டர், "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேலும் கோபம்தான்.

போட்டி மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. டாக்டர் தன் தொட்டியைப் போட்டிக்கு வைப்பதே இல்லை என்பதால் வழக்கம்போல அவரே நடுவர். தன் பவளத்துக்கு முன்னால், வேறொருவர் பெயர் ஒட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால், குனிந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டாவது பரிசு குடுங்க, வலிக்கட்டும்" என்று காதருகே சொன்னேன். "அழகா இருக்கிறத அழகா இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு முதல் பரிசு கொடுத்தார். கோப்பையையும் அவர் கையாலேயே கொடுக்க வைத்தார்கள்.

விழா முடிந்ததும் டாக்டர் பையிலிருந்து டப்பாவையும் வெட்டுகிற மெஷினையும் எடுத்தார். தலைவர் பதறிப்போனார். "ஐயோ, இங்க வேணாம் டாக்டர். வெட்டுன காயத்தோட வண்டியில குலுங்கினா தாங்குமா? வீட்ல ரெண்டு நாள் ஓய்வா இருக்கட்டும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவ்வளவு அக்கறை உள்ள மனிதர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? பவளத்தை வாளியில் வைத்துக் கார் டிக்கியில் ஏற்றினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல் வாசலில், உச்சி வெயிலில், காரைப் பூட்டிவிட்டு வெற்றி விருந்து சாப்பிட உட்கார்ந்தார். மேஜைமேல் கோப்பையை வைத்துப் படம் எடுத்துக் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கோப்பையைக் கையோடு உள்ளே எடுத்துக்கொண்டு போகத் தெரிந்திருக்கிறது. பவளம் தண்ணீரோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் தலைவரிடமிருந்து டாக்டருக்கு போன் வந்தது. மன்னிப்புக் கேட்க அல்ல, வைத்தியம் கேட்க. என் பைக்கிலேயே அவரைக் கேளம்பாக்கத்துக்கு அழைத்துப் போனேன். கதவைத் திறந்ததுமே அழுகல் நாற்றம் அடித்தது. பழுப்பாகக் கூழ் கட்டிச் சதை வழிந்துகொண்டிருந்தது. டாக்டர் முழங்கை வரை கையை விட்டு, மெல்லத் திருப்பி, பின்பக்கம் இரண்டு கிளைகளில் இன்னும் பச்சை இருப்பதைக் கண்டுபிடித்தார். "இந்த ரெண்டையும் இப்பவே வெட்டித் தனியா எடுத்துடலாம் சார். விட்டா அழுகல் இதுக்கும் தொத்திடும். பொழச்சா உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." மெஷினை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

தலைவர் தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ஒடச்சிட்டா அப்புறம் ஒட்ட முடியுமா டாக்டர்? பரிசு வாங்குன பீஸ் இது. தண்ணி மாத்திப் பாப்போம், தானா சரியாப் பூடும்." நான் அவரைத் தள்ளிவிட்டுக் கையை விடப் போனேன். டாக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வேணாம், அவர் வீடு" என்றார். தண்ணீர் மாற்றிக் கொடுத்தார், அழுகிய சதையை உறிஞ்சி எடுத்தார், குளிர்ச்சி குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் காலை தலைவர் குழுவில், ஆழ்ந்த வருத்தத்துடன் என்று ஆரம்பித்து, பவளம் செத்த சேதியைப் போட்டார். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

நான் கிளப்பை விட்டு வந்துவிட்டேன். டாக்டரின் தொட்டியில் இன்றும் மோட்டார் ஓடுகிறது, காலையில் விளக்கு எரிகிறது, உள்ளே பவளம் இல்லை. வேறு ஜாதிப் பவளம் தருகிறேன் என்று வந்தவர்களிடம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். போன வாரம் அந்தக் குழுவில் இன்னமும் இருக்கும் நண்பன் ஒரு படத்தைக் காட்டினான். தலைவர் வீட்டுக் கண்ணாடி அலமாரி, அதில் கோப்பை, அதன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பவளத்தின் எலும்பு. புதிதாகச் சேர்ந்தவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பின்பக்கத்து இரண்டு கிளைகளைத் தேடினேன். இருந்தன. ஒரு கிளைகூட உடையவில்லை.