எங்கள் வீட்டில் இருந்த ஒரே போட்டா

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குக் கழுகு பார்த்துவிட்டு மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கப் போகிற கார்கள் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒன்றுகூட நின்றதில்லை. கழுகுக்கும் கல்லுக்கும் இருந்த மவுசு எங்களுக்கு ஏது? அந்தத் தை மாதம் மட்டும் ஒரு கார் நின்றது. எங்களுக்குப் பாடம் நடத்திய வெள்ளைக்கார டீச்சரம்மாவின் நாட்டுக்காரர்கள், ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களாம்.

எனக்கு அப்போது ஆறோ ஏழோ. அக்கா மூன்றாம் வகுப்பு, நன்றாகப் பாடுவாள். டீச்சரம்மா அவளுக்குத் தன் கையாலேயே சிவப்பு ரிப்பன் கட்டிப் பாடவைத்தார். வந்தவர்களுக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனாலும் கை சிவக்கத் தட்டினார்கள். பிறகு அக்காவை நடுவில் விட்டு எங்களைப் புளியமரத்தடியில் வரிசையாக நிற்கவைத்து, ஒருவர் கேமராவை எடுத்தார்.

சேதி வயலுக்கு எப்படித்தான் போனதோ, நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மா முழங்கால் சேற்றோடு ஓடிவந்தாள். போட்டா பிடித்தால் ஆயுசு குறையும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள்.

"என் பொண்ணுங்கள வுட்டுடுங்க டீச்சரம்மா. இதுங்கதான் எனக்கு மிச்சம்."

"அச்சம் வேண்டாம் அம்மா, யாதொரு தீங்கும் வராது" என்றார் டீச்சரம்மா, புத்தகத்தில் படித்த தமிழில். அம்மா காதில் வாங்கவில்லை. நான் நழுவி வரிசைக் கடைசிக்குப் போய்விட்டேன். கைக்கு எட்டிய அக்காவை அம்மா முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து கேமரா கிளிக்கென்றது.

அன்று சாயங்காலம் எனக்கு மட்டும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அக்காவுக்குத் தேவையில்லை, அவள்தான் தப்பித்துவிட்டாளே. அக்காவோ சோறு வேண்டாமென்று முரண்டு பிடித்தாள். "அல்லாரும் போட்டாவுல சீமைக்குப் போறாங்க. என்ன மட்டும் நிறுத்திட்டியே."

சித்திரையில் குட்டை வற்றியதும் ஊரில் வாந்திபேதி கண்டது. காலையில் கூழ் குடித்துவிட்டு விளையாடப் போன அக்கா மறுநாள் இல்லை. போட்டாவில் விழுந்த எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

காரியம் முடிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

"என் பொண்ணு மூஞ்சி அந்தப் போட்டாவுல ஓரமாவாச்சும் வுழுந்துகீதான்னு அவங்கள கேட்டுப் பாருங்கம்மா. அவ மூஞ்சி மறந்துபூடும்னு பயமாகீது."

டீச்சரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்; அன்றைக்கே அவர்களுக்குக் கடிதம் போட்டார்.

மழைக்காலத்தில் தபாலில் படம் வந்தது. டீச்சரம்மாவே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வரிசையாகப் பிள்ளைகள்; கடைசியில் நான், வாயெல்லாம் பல். நடுவில் அம்மாவின் முதுகு, விரித்த முந்தானை. அதற்குக் கீழே அக்காவின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அப்பா பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அந்தப் பாதங்களை விரலால் தடவித் தடவி அழுதாள்.

அத்தனை பேர் முகமும் விழுந்த படத்தில் தன் முகம் மட்டும் விழவில்லையே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதம்மா. அடுத்த தபா அவங்க வந்தா, நீ இந்தாண்ட திரும்பி நில்லு."