குடைக்கம்பி மனிதர்கள்

காஜா பேராங் ஊரில் எங்கள் எதிர்வீட்டில் குடை ரிப்பேர்க்காரர் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள். பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார், கைகால்களைத்தான் பார்ப்பார்.

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த காலம். உடுத்தத் துணியில்லாமல் நாங்கள் கோணிச்சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். இவரோ கந்தல் கேட்டு வீடுவீடாக வருவார். குடைக்கம்பியை எலும்பாக வளைத்து, கொட்டாங்கச்சியைத் தலையாக வைத்து, கந்தலைச் சுற்றி ஆளுயரப் பொம்மை செய்வார். எல்லாம் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன எங்கள் தெரு ஆண்கள். சாய்ந்த தோள்கூட அப்படியே இருக்கும். பெண்கள் பார்த்து அழுதுவிட்டுப் போவார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஆண்களை இவ்வளவு கூர்ந்து பார்த்து வைத்திருப்பவன் ஆள்காட்டியாக இல்லாமல் வேறென்ன? என் கணவர் எங்கள் பரணில் ஒளிந்திருந்தார்.

ஒருநாள் காலையில் குடைக்காரர் வாசலில் என் கணவரின் பொம்மை நின்றது. ஓடினேன்.

"என்னண்ணே இது? அவரு சயாமுக்குப் போனாருன்னு யாரு சொன்னா?"

அவர் என் கைகளைப் பார்த்தார். "யாரும் சொல்லல தங்கச்சி. ஆள் புடிக்க வர்றவனுங்க அப்படி நெனச்சுக்கட்டும். நீங்களும் கொஞ்சம் அழுதுட்டுப் போங்க."

அழுதேன். ஆள் பிடிக்க வந்த குமாஸ்தா கிராணி பொம்மையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்.

பரணில் ஆள் இருப்பது குடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அன்று இரவே கணவரை வடக்கே குருபோங்குக்கு அனுப்பிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

விடிந்ததும் எதிர்வீட்டைப் பார்த்தேன். என் கணவரின் பொம்மை வடக்கே திரும்பி நின்றது.