டேப்பில் இல்லாத ‘உது’

என் தங்கையின் மகளுக்கு ஆறு வயது. நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். வாயில்தான் சொல் வராது. கிளினிக்கில் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள், எங்கள் வாயில் அது டேப். படத்தைத் தொட்டால் அவளுக்காக அது கதைக்கும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லொறியிலும் மீன்பிடி வள்ளத்திலும் அலைந்தவன். வேலை இல்லாத ஒரு கிழமை, ஏழு நாளும், பண்டத்தரிப்பில் தங்கை வீட்டில் நின்றேன்.

காலையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். எதிரே இருந்த பிள்ளை, “அது வேண்டும்” என்று டேப்பைத் தொட்டு, நாடியை நீட்டி முகத்தால் என் பக்கம் காட்டினாள். தங்கை எனக்குப் பின்னால் தேடினாள்.

“எது பிள்ளை? பந்தோ?”

பந்து இல்லை. குடை இல்லை. தங்கை பூனையைத் தூக்கி வந்தாள், அதுவும் இல்லை. பிள்ளை எறிந்த டேப் பறந்துபோய்க் கோழிக்கூட்டடியில் விழுந்தது.

“நாளைக்குத் திருப்பிக் குடுக்கப்போறன் அண்ணை. உவளுக்கு உது சரிவராது.”

“இப்ப என்ன சொன்னனீ?”

“சரிவராது எண்டன்.”

“அதுக்கு முதல்.”

“உது.”

பாஷை தெரியாத ஊர்களில் கையைக் காட்டிச் சோறு கேட்டிருக்கிறேன். பிழையாக விளங்கினால் பட்டினிதான். என் கையில் இருந்த ரொட்டி அவளுக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை, உது. முன்னால் இருப்பவரிடம் உள்ளதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ‘அது’ என்று கேட்டால் எங்கள் கண் தூரத்துக்குத்தான் போகும். டேப்புக்குள் இருந்த குரலோ இந்தியத் தமிழ். அதற்கு உது தெரியாது.

“புதுச் சொல் பதியலாம் எண்டு கிளினிக் மிஸ் சொன்னவ” என்றாள் தங்கை. “பதியுங்கோவன், எட்டாம் வகுப்பு டொக்டர்.”

“நீ கதை. என்ரை குரல் கேட்டால் பிள்ளை பயந்துபோம்.”

அவள் “உது தாங்கோ” என்று சொல்லி முடிக்கவும் சேவல் கூவியது. அதுவும் சேர்ந்து பதிந்துவிட்டது.

பிள்ளை தொட்டாள். உது தாங்கோ, கொக்கரக்கோ. ரொட்டியைக் கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு என் சீப்பைக் கேட்டாள். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனையை. மத்தியானத்துக்குள் என்னிடம் இடுப்பில் கட்டிய சாரமும் போட்டிருந்த சேட்டும்தான் மிச்சம்.

மறுநாள் டேப்பைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம், திருப்பிக் கொடுக்க அல்ல. மிஸ் பதிவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நல்ல சொல்லு. சேவலை அழிச்சுப்போட்டு வடிவாப் பதிவமே?”

நாங்கள் வாய் திறக்குமுன் பிள்ளையின் விரல் டேப்பில் இருந்தது.

“இல்லை” என்றது டேப்.