முப்பத்தொரு பெயர்கள்

காவல் நிலையத்துக்கு எதிரே அவளுடைய கடை. ஓர் எம்பிராய்டரி மெஷின், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். காவலர்கள் மார்பில் ஊக்கால் மாட்டிக்கொள்ளும் பெயர்ப் பட்டைகளைப் பதினெட்டு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்குப் 'பட்டை அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னால், "நான் என்ன பட்டைச் சாராயமா விக்கிறேன்?" என்று எரிந்து விழுவாள்.

மில்லில் வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள், முப்பத்தொரு பேரை விசாரணை என்று கூட்டிப் போனார்கள். கடைக்கு மேலே மாடி வீட்டில் குடியிருந்த பெண்ணின் கணவனும் அதில் ஒருவன். ஐந்து மாதமாகியும் வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. அவர்களை அடைத்து வைத்திருந்த தடுப்பு முகாம் வாசலில் உட்கார்ந்து, அத்தனை பேர் பெயரையும் ஒரே துணியில் தைப்பது என்று பெண்கள் முடிவு செய்தார்கள்.

மாடி வீட்டுப் பெண் கடைக்கு வந்தாள். "அக்கா, துணியில எழுத்து வரைஞ்சு கொடுங்க."

"வரைவானேன்? மெஷின்ல ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றேன்."

"ரெண்டு நாள்ல முடிஞ்சா, மூணாம் நாள் நாங்க அங்க உட்கார என்ன சாக்கு அக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. சாக்பீஸை எடுத்தாள்.

பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் கேட்டதும் பதறினார். "ஸ்டேஷன் ஆர்டர்லதான் நம்ம அடுப்பு எரியுது, தெரியுமில்ல?"

"வரைஞ்சு கொடுத்ததோட சரி. நான் எங்க அங்க போறேன்?"

போனாள். தையலைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். "கோழி கிளறின மாதிரி இருக்கேடி!" என்று திட்டிக்கொண்டே, உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் காட்டினாள். மில் கேன்டீன் சமையல்காரர் ஒருவரின் பெயர் மட்டும் தொடாமல் கிடந்தது. அவருக்கு யாரும் இல்லையாம். அந்த மூலையைத் தன் மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பதினோராம் நாள் காலை ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது. எட்டுப் பேர் இறங்கினார்கள். ஒருவர் மார்பிலும் பட்டை இல்லை.

"துணியைச் சுருட்டுங்க!" என்றார் முன்னால் நின்றவர்.

பெண்கள் துணியின் ஓரத்தில் அழுந்த உட்கார்ந்தார்கள். அவள் எழுந்தாள்.

"பட்டை எங்க சார்? நான் தைச்சது அவ்வளவு சீக்கிரம் பிரியாதே?" என்று கேட்டு, அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். அடுத்தவர் பெயரை, அதற்கடுத்தவர் பெயரை, இனிஷியலோடு எட்டையும் சொல்லி முடித்தாள். மாடி வீட்டுப் பெண் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், என் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"கடைசி எழுத்து கோணலா இருக்குன்னு ரெண்டு தடவை திருப்பிக் கொண்டு வந்தீங்களே சார்!"

பின்னால் நின்ற ஒரு காவலர் களுக்கென்று சிரித்துவிட்டார். வேன் திரும்பிப் போனது.

மறுநாள் வேறு நிலையத்து ஆட்கள் வந்து துணியை அள்ளிப் போனார்கள். அவளை மூன்று மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பட்டை வேலை அன்றோடு நின்றது. கணவர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்; அப்புறம் அவரே பள்ளிக்கூடங்களில் பேட்ஜ் ஆர்டர் கேட்டு வந்தார். பெண்கள் புதுத் துணி விரித்தார்கள். போனில் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றி, ஒரு வக்கீல் கைக்குப் போய், கோர்ட்டுக்கும் போனது. பிடித்துப் போன எட்டாம் மாதம் பத்தொன்பது பேர் வெளியே வந்தார்கள். மாடி வீட்டில் அன்றைக்குக் கதவே சாத்தவில்லை. பன்னிரண்டு பேர் உள்ளேயே இருந்தார்கள், சமையல்காரரும்தான்.

அவரைப் பார்க்க அவள் மனுப் போட்டாள். உறவுமுறை என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதினாள். பத்து நிமிஷம் கிடைத்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தவர் திகைத்தார். "நீங்க யாரும்மா?"

"உங்க பேரைத் தைச்சவ."

"தைக்க எத்தனை நாள் ஆச்சு?"

"நாலு நாள்."

"மூணெழுத்துப் பேருக்கா?"

"கைத்தையல் தம்பி. பழக்கம் விட்டுப்போச்சு."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நேரம் முடிந்தது என்றார்கள். வெளியே வந்து, அடுத்த மாதத்துக்கும் ஒரு மனுப் படிவம் வாங்கிக்கொண்டாள்.