மூன்று முறை கூப்பிடாதவர்

என் அக்கா வீட்டில் மிக்ஸி போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அத்தான் வீட்டில் இருந்தால் சுவிட்சை வேறு யாரும் தொடக் கூடாது. அவர் வந்து பக்கத்தில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். கொஞ்சம் நிறுத்துவார். மறுபடி கேட்பார். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார். தண்ணீர் மோட்டாருக்கும் இதே கதைதான். "அப்பா, உள்ள வெங்காயம்தான் இருக்கு, அது பதில் சொல்லாது" என்று அக்கா மகள் கிண்டல் செய்வாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். அன்றைக்குச் சிரித்ததை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அப்பா இல்லாத வீட்டுக்கு மூத்த பிள்ளை, பதினெட்டு வயதில் ஸ்பானர் பிடித்தவர். கல்யாண ஃபோட்டோவில்கூட அவர் நகத்துக்குள் கிரீஸ் தெரியும். நான் பல்செட் செய்து பிழைப்பவன், சுத்தம் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போனவன். அதனால் ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பிடித்த பிறகும் ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் பழுது பார்க்கும் மனிதர், லிஃப்டில் ஏற மாட்டார். பன்னிரண்டு மாடியானாலும் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில்தான் ஏறுவார். கம்பெனியில் அவருக்கு 'படிக்கட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவுப் பக்கம் ஒரு நிமிடம் நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். "என்ன அத்தான், சத்தம் ஏதாவது வருதா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமில்ல மாப்ள, கயிறு உரசுது" என்றார். அப்போது அந்த லிஃப்ட் ஓடவே இல்லை.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். கடைசி பெஞ்சுதான் அவர் இடம். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா அதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்தாள். நான் முட்டிவலி என்றேன். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவரை எல்லோரும் நெட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தில், லிஃப்டின் அடிக்குழியில் வேலை செய்துகொண்டிருந்தபோது மேலிருந்து பெட்டி இறங்கி நசுக்கிவிட்டது. குழியில் இறங்குகிறவர் அதற்கு முன்பு மேலே மெஷின் அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, 'ஆள் வேலையில்' என்று எழுதிய பலகையை அதில் மாட்ட வேண்டும். நெட்டையன் மாட்டவில்லை, அவருடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள். அன்றைக்கு மேலே இருந்தவர் அத்தான். சாட்சி சொன்னவரும் அவர்தான்.

நெட்டையனின் மனைவி தையல்காரி. எங்கள் சபைதான். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளெல்லாம் அவர் தைத்தவை. பிள்ளை குட்டி கிடையாது. யாரோடும் வம்புக்குப் போகாத, சத்தமாகக்கூடப் பேசாத மனுஷி. அவர் வருகிற வழியில் அத்தான் நிற்க மாட்டார். தூரத்தில் அவர் எப்போதும் பிடித்துவரும் குடையைப் பார்த்தாலே தெரு மாறிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போய் வந்த அக்கா, சாப்பாடு போட்டுக்கொண்டே அந்த அம்மாவின் கதையை எடுத்தாள். நானும் அத்தானும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"பாவம்டா அந்த தையல்காரம்மா. இன்னைக்கு வாயத் திறந்து அழுதுட்டாங்க. புருஷன் செத்த அன்னைக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டையாம். இவங்கதான் நாக்குல நரம்பில்லாம பேசிட்டாங்களாம். அந்தக் கோவத்துலதான் அவர் பலகைய மாட்ட மறந்துட்டாரு, நான்தான் அவரைக் கொன்னேன், பத்தொம்பது வருஷமா ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன், இன்னும் பதில் வரலன்னு அப்படியொரு அழுகை."

அத்தான் கையில் இருந்த சோறு தட்டில் விழுந்தது. எழுந்து போய்க் கை கழுவினார். குழாயை மூடவே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்ப் பார்த்தால், தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவன் மாட்டியிருந்தான் மாப்ள," என்றார். "நான்தான் கழட்டினேன்."

பிறகு எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னார். அக்காவும் வாசற்படியில் வந்து நின்று கேட்டாள்.

அன்று கட்டடத்து மேனேஜர் ஃபோனில் நச்சரித்துக்கொண்டிருந்தாராம், லிஃப்ட் எப்போது ஓடும் என்று. பத்து நிமிடத்தில் ஏறிவிடுவேன் என்று சொல்லி இறங்கிய நெட்டையன் அரைமணி ஆகியும் மேலே வரவில்லை. குழியை முடித்துவிட்டு டீக்குப் போயிருப்பான் என்று அத்தான் நினைத்துக்கொண்டார். ஒருவர் மாட்டிய பலகையை அவரேதான் கழற்ற வேண்டும், அது அந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். அதை மீறினாலும் இன்னொன்று உண்டு. சுவிட்ச் போடுவதற்கு முன் கயிறு இறங்கும் துவாரத்தின் வழியாக மூன்று முறை கூப்பிட வேண்டும், ஒவ்வொரு முறையும் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். குழிக்குள் இருந்தபடியே லிஃப்டை நிறுத்தும் சுவிட்ச் பழுதாகி மாசக்கணக்காகியிருந்ததால் அந்தக் குரல் ஒன்றுதான் காவல்.

"ஒரு தடவ கூப்பிட்டேன். 'ஆள் இருக்கா'ன்னு. எண்ணல. போட்டுட்டேன். மோட்டார் சத்தம் கிளம்பறப்பதான் கீழேருந்து வந்துச்சு. 'இருக்கேன்'னு. சாவகாசமா, சிரிச்ச மாதிரி. அவன் எப்பவும் அப்படித்தான் சொல்லுவான்."

பெட்டி முதல் மாடியில்தான் நின்றிருந்தது, சுவிட்சை அணைக்கக் கை போவதற்குள் முடிந்துவிட்டது. ஏணியில் பாதி ஏறியிருந்த ஆள். விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது பலகை அத்தானின் கருவிப் பையில் இருந்தது. மாட்டியிருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் ஏறிய எல்லாக் கட்டடத்திலும், எல்லா மாடியிலும், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து நெட்டையன் 'இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கோபமாகக்கூட இல்லையாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார்.

நான் நல்லவன் மாதிரி நடிக்கப் போவதில்லை. என் வாயில் முதலில் வந்தது, "வெளிய சொல்லாதீங்க அத்தான்" என்பதுதான். "போனவர் போயிட்டாரு. இனிமே கிளறி என்ன ஆகப்போகுது? அக்கா எந்த மூஞ்சியோட சபைக்குப் போவா?" என்றேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. சொல்லாம என்கூட பேசாதீங்க." சொன்னபடி ஒன்பது நாள் பேசவில்லை. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தான் முதலில் போதகரிடம் போனார். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். போதகர் எங்களைவிட வயதில் சின்னவர், மேசை முழுக்க ஞாயிறு பள்ளி வினாத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க மனசு உடைஞ்சு கேட்ட அன்னைக்கே ஆண்டவர் மன்னிச்சிருப்பாருங்க. அவர்கிட்ட இரக்கத்துக்குப் பஞ்சமில்ல" என்றார்.

"அப்ப நெட்டையனுக்கு நீதி எங்க பாஸ்டர்? எனக்கு இரக்கம் காட்டணும்னா அவனை ஏமாத்தணுமே. ஆண்டவர் அப்படிச் செய்வாரா?"

"தண்டனை இல்லாமப் போகல. அதை அவரே சிலுவையில சுமந்தாரு. குற்றம் செஞ்சது நாம, அடிபட்டது அவர். அதுலதான் நீதியும் இருக்கு, இரக்கமும் இருக்கு."

அத்தான் சொன்னார்: "அதான் எனக்கு பயமா இருக்கு. என் தண்டனைய இப்ப ரெண்டு பேர் சுமக்கறாங்க. ஆண்டவர் மனசார ஏத்துக்கிட்டாரு. இந்தம்மா தலையில நான் ஏத்தி வச்சேன். அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

போதகர் வினாத்தாள்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார். அடுக்கி முடித்துவிட்டு, "அப்ப இங்க ஏங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். "போய் இறக்கி வைங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனோம். வாசலில் கால்மிதியைத் தட்டித் தட்டி அத்தான் நேரத்தைக் கடத்தினார். ஒரே அறை, பாதி இடத்தைத் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. சுவரில் ஆணியடித்து நாலைந்து அங்கிகளைத் தொங்கவிட்டிருந்தார், தலையில்லாத ஆட்கள் வரிசையாக நிற்பதுபோல் எனக்குப் பட்டது. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து, "வாங்கண்ணே, பேன்ட் ஏதும் பிரிக்கணுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அத்தான் அந்த வீட்டுப் படியேறியது அதுவே முதல் தடவை.

உட்காரச் சொன்னார். அத்தான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, மேனேஜர் மேல் பழி போடவில்லை, பழுதான சுவிட்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. பலகையைக் கழற்றியதையும் ஒரு தடவை மட்டும் கூப்பிட்டதையும் பொய் சொன்னதையும் மட்டும் சொன்னார். நெட்டையன் பதில் சொன்னதைச் சொல்லும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மா அழவில்லை. வெகுநேரம் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். பிறகு கேட்டார்.

"பலகைய மாட்டியிருந்தாரா?"

"மாட்டியிருந்தாரு."

"மறக்கலையா?"

"எதையும் மறக்கலம்மா. எப்பவும்போல மாட்டினாரு. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே இறங்கினாரு."

"பாட்டா?" என்றார். "அப்ப என்மேல கோவமா இல்ல?"

"வீட்டுல சண்டைன்னுகூட எனக்குத் தெரியாது. சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாரு."

அந்த இடத்தில்தான் அவருடைய முகம் கலைந்தது. வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடினார். சத்தம் வரவில்லை. எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அத்தான் கைகூப்பினார்.

"எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்கம்மா. கேஸ் போடுங்க. வர்றேன்."

"தண்டனையா?" தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இதுவரைக்கும் என்னைத் தண்டிச்சுத்தான் பழக்கம்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலில் வேறு ஆள் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. "நீங்க சொன்ன பொய்ய அத்தனை பேரும் நம்பினாங்க. நானும் நம்பினேன். கட்டின புருஷன கவனமில்லாதவன்னு நானும் நெனச்சேன். ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நின்னு சொல்லணும். கம்பெனிக்கும் எழுதிக் குடுக்கணும். அவர் மேல இருக்கற கறை போகணும்."

"சொல்றேன். எழுதிக் குடுக்கறேன்."

"வேலை போகும்."

"போகட்டும்."

அவர் எழுந்து சமையல் மூலைக்குப் போனார். பேச்சு முடிந்துவிட்டது, கிளம்பச் சொல்கிறார் போலும் என்று நான் செருப்பைத் தேடினேன். அங்கே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு வந்து எங்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். சூடான சோறு, பக்கத்தில் ஏதோ குழம்பு.

"அன்னைக்கு இந்த நேரத்துலதான் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனாரு," என்று தட்டைப் பார்த்தபடி சொன்னார். "அன்னையிலேர்ந்து நான் காலையில சாப்பிட்டதில்ல."

ஒரு கவளம் எடுத்தார். பாதி தட்டிலேயே சிந்தியது. இரண்டாவது கவளம் ஒழுங்காக வாய்க்குப் போயிற்று. பசியை அடக்கி அடக்கிப் பழகிய மனுஷி அவ்வளவு நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவதை நாங்கள் இரண்டு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாதி சாப்பிட்டதும் நிமிர்ந்தார். அத்தான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"உங்களைப் பார்த்தா வயிறு எரியுது," என்றார். "நாளைக்கும் எரியும். ஆண்டவர் உங்களை மன்னிச்சிருந்தா அது அவர் பெருந்தன்மை. எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது."

"வர வேணாம்மா."

"வேணுமா வேணாமான்னு நீங்க சொல்லாதீங்க."

மறுபடி உள்ளே போனார். இன்னொரு தட்டு கொண்டுவந்து அத்தான் காலடியில் ணங்கென்று வைத்தார். சோற்றில் ஆவி பறந்தது.

"உட்காருங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா நீங்களும் எதுவும் சாப்பிடலன்னு தெரியுது. நான் சாப்பிடறப்ப எதிர்ல ஒருத்தர் பசியோட நின்னா எனக்கு இறங்காது."

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அந்தத் தட்டில் கை வைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை தையல்காரம்மா அடுத்த கவளத்தை எடுக்காமல் காத்திருந்தார்.