பழைய விதியோடு போன நடுவர்

இன்னிக்கு காலையில மாமல்லபுரம் பக்கத்துல மாடல் விமானப் போட்டி. நான்தான் நடுவர்.

ரேவதின்னு செங்கல்பட்டு டீச்சர் ஒருத்தங்க, கடையில வாங்கின விமானத்தோட வந்தாங்க.

"சொந்தமா செஞ்சதத்தான் பறக்கவிடணும். இதுகூட தெரியாமலா வந்தீங்க?"ன்னு மைக்குலயே கேட்டு வெளிய அனுப்பிட்டேன். அவங்க ஏதோ சொல்ல வந்தாங்க, நான் விடல.

திரும்பி வர்ற பஸ்ல சும்மா இந்த வருஷ விதிகளைத் தொறந்து பார்த்தேன். அந்த விதியையே எடுத்துட்டாங்க. புது விதிங்க எனக்கு வந்து ரெண்டு மாசமாச்சு, படிக்கவே இல்ல.

அதே பஸ்ல ரெண்டு சீட் முன்னாடி, விமானப் பெட்டிய மடியில வச்சிக்கினு அவங்க.

திருக்கழுக்குன்றம் தாண்டினப்புறம்தான் எழுந்து போக தைரியம் வந்துச்சு. "மேடம், விதி மாறினத நான் பார்க்கல. மன்னிச்சிடுங்க."

"தெரியும் சார். அதத்தான் சொல்ல வந்தேன்"ன்னாங்க. அப்புறம் மெதுவா, "திட்டினது மைக்குல. மன்னிப்பு மட்டும் காதுலயா?"

என் சீட்டுக்குத் திரும்பி வந்து போனை எடுத்தேன்.

போட்டி முடிஞ்சு கப்பு வேற ஒருத்தர் வூட்டுக்குப் போயாச்சு, இனி மைக்கும் கிடையாது. அதனால எல்லாரும் பார்க்கற இடத்துல எழுதறேன்: ரேவதி மேடம் செஞ்சது சரி, தப்பு என்னோடது.

அடுத்த போட்டிக்கு என்னை நடுவரா கூப்பிடலாமான்னு நீங்களே சொல்லுங்க. நானா இருந்தா கூப்பிட மாட்டேன்.